பத்தொன்பது பல்

கும்மிடிப்பூண்டியில் அப்பா வேலை பார்க்கும் உருக்காலைக்குப் பின்னால், இரண்டு கோடை வெயிலில் கழிவு மேட்டைக் கிளறித்தான் அதை நிரூபித்தேன். வயிற்றடியில் சீப்பு போன்ற உறுப்பில் பத்தொன்பது பல் உள்ள ஒல்லித் தேள் ஆண். பதினைந்து பல் உள்ள தடித்தது அதன் பெண். ஒரே இனம்.

என் ஆய்வேட்டில் அதைப் படித்ததும் வழிகாட்டி, பேராசிரியர் கோதண்டபாணியின் முகம் கறுத்தது. எட்டு வருடம் முன்பு இரண்டையும் தனித்தனிப் புட்டியில் போட்டு, ஆணைப் புது இனமென்று அறிவித்துப் பெயர் வைத்தவர் அவர்.

“ரெண்டும் ஒண்ணுன்னா நான் வெச்ச பேரு இன்னாமா ஆவறது? அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு வா, கையெழுத்து போட்றேன்.”

எனக்குப் பற்றி எரிந்தது. ஒரு தாளையும் கிழிக்கவில்லை.

மறுநாள் காலை, ஆய்வக அலமாரியில் எட்டு வருடமாக ஸ்பிரிட்டில் கிடக்கும் பெண் தேளின் முதுகில் குஞ்சுகள் இருந்தன. மூடியின் மெழுகு உடைந்திருக்கவில்லை. திறந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினேன். பாதிக்குப் பதினைந்து பல், பாதிக்குப் பத்தொன்பது.

“இதுங்களுக்கு இன்னா பேரு வெப்பீங்க சார்?” என்று கத்தினேன்.

அவர் பத்தொன்பது பல் குஞ்சுகளைப் பொறுக்கி ஆணின் புட்டியில் போட்டார். அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் அவரே திறந்தார். எல்லாக் குஞ்சுகளும் தாயின் முதுகில் இருந்தன. அதே புட்டியில், எதிரே, இணை சேரும்போது தேள்கள் பிடிப்பதுபோல், ஆண் தேள் அவள் முன்கைகளைப் பற்றியிருந்தது. இன்னொரு புட்டியில் அவர் வைத்த பெயர் எழுதிய சீட்டு மட்டும் ஊறிக்கொண்டிருந்தது.