தண்ணீரில் முடியும் சந்து

"ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போகணும், ஐயா?"

பத்திரிகைக் கடைக்குள்ளிருந்து துல்லியோ நிமிர்ந்து பார்த்தார். இளம் ஜோடி. ஆளுக்கொரு சூட்கேஸ். பையன் கையிலிருந்த செல்போனில் வரைபடம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வெனிஸ் சந்துகளுக்குள் வந்துவிட்டால் அதற்கும் தலை சுற்றும்.

"ரயில் எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு."

மணி இரண்டுகூட ஆகவில்லை.

"அப்ப நேரம் இருக்கு. இடது பக்கம் திரும்புங்க. சின்னப் பாலம் ஒண்ணு வரும். ஏறி இறங்கி நேரா போங்க."

நன்றி சொல்லிவிட்டு நடந்தார்கள். பாலத்துப் படிகளில் சூட்கேஸ்கள் தடதடத்தன.

எதிரே காபிக் கடையில் மேஜை துடைத்துக்கொண்டிருந்த ஒர்னெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டேஷன் வலது பக்கம். ஐந்தே நிமிட நடை. இடது பக்கச் சந்து கால்வாய்த் தண்ணீரில் போய் முடியும். போனவர்கள் இதே வழியாகத்தான் திரும்பி வந்தாக வேண்டும்.

அவள் இங்கே கடை போட்டு எட்டு மாதம். வந்த நாளிலிருந்து பார்க்கிறாள். தினமும் நாலைந்து பேரையாவது கிழவர் இப்படி அனுப்பிவிடுகிறார். திரும்பி வந்து அவர்கள் காச்சுமூச்சென்று கத்துவார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்பார். என்னவோ மெதுவாக விசாரிப்பார். அவர்கள் போனதும் உள்ளே உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொள்வார்.

அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஈரத் துணியோடு நேராகக் கடை முன்னால் போய் நின்றாள்.

"எழுபத்தாறு வயசுல இது என்ன விளையாட்டு, துல்லியோ ஐயா?"

"எதும்மா?"

"நடிக்காதீங்க. டூரிஸ்ட்டைக் கண்டா ஆகலைன்னா, தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்களேன். போன வாரம் ஒரு அம்மா அழுதுக்கிட்டே திரும்பி வந்தாங்களே, பார்த்தீங்கள்ல? இவங்க வர்றதாலதான் உங்க வீட்டு அடுப்பும் எரியுது, என் வீட்டு அடுப்பும் எரியுது."

துல்லியோ அடுக்கியிருந்த பத்திரிகைகளையே மறுபடி அடுக்கினார்.

"நான் முனிசிபாலிட்டில எழுதிக் குடுக்கப்போறேன். உங்க லைசென்ஸைப் பிடுங்கட்டும்."

"குடும்மா. நீ செய்றது நியாயந்தான்."

அதற்குள் பாலத்தில் சூட்கேஸ் சத்தம். ஜோடி திரும்பி வந்துகொண்டிருந்தது. பையனுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என்னய்யா வழி காட்டுறீங்க? அங்க ரோடே இல்ல, தண்ணிதான் இருக்கு!"

"மன்னிச்சுக்கங்க, தம்பி. கடைசி வீட்டு ஜன்னல்ல ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாங்களே, அவங்க உங்ககிட்ட ஏதாச்சும் பேசினாங்களா?"

"அங்க ஒரு ஈ காக்கா இல்ல."

"பச்சை ஜன்னல், தம்பி. கீழ் வீடு."

"சாத்தியிருந்துது," என்றாள் அந்தப் பெண். "நான் தட்டிக்கூடப் பார்த்தேன். யாரும் திறக்கல."

துல்லியோ எழுந்தார். கல்லாவைப் பூட்டவில்லை. கடைக் கதவைச் சாத்தவில்லை. பாலத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அவர் அந்தப் பக்கம் கால் வைத்து ஒர்னெல்லா ஒருநாளும் பார்த்ததில்லை.

"வலது பக்கம் நேரா போங்க, ஸ்டேஷன் வந்துடும்," என்று ஜோடியிடம் அவசரமாகக் கை காட்டிவிட்டு அவர் பின்னாலேயே ஓடினாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"யாருங்கய்யா அந்த அம்மா?"

"என் தங்கச்சி. நெரினா." நிற்காமலே சொன்னார். "எங்கம்மாவைப் புதைச்ச மறுநாளே, வீட்டை ஹோட்டல்காரனுக்கு வித்துடலாம்னேன். அவ முடியாதுன்னா. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். இனி உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்னுட்டு வந்தவன்தான்."

"அப்புறம்?"

"அவளுக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. நாள் முழுக்க ஜன்னலோரமே உட்கார்ந்திருப்பா. அக்கம்பக்கத்துல இருந்த எல்லாரும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. வழி தெரியாம யாராச்சும் போனா, அவதான் சரியான வழி சொல்லி அனுப்புவா. அவங்க திரும்பி வந்து என்னைத் திட்டுவாங்க. திட்டட்டும். ஜன்னல்ல இருந்த அம்மா எப்படி இருந்தாங்க, இருமினாங்களா, சிரிச்சாங்களான்னு நான் கேட்டுக்குவேன்."

ஒர்னெல்லாவுக்குக் கோபம் முழுசாக அடங்கவில்லை.

"ரெண்டு நிமிஷ நடை, ஐயா! இதுக்கா ஊர் பேர் தெரியாதவங்களை அலையவிட்டீங்க? நீங்களே போய்ப் பார்த்திருக்கலாமே?"

"போகக் கால் இருந்துதும்மா. முகம்தான் இல்ல."

சந்து முடிந்தது. தண்ணீர் கடைசிப் படியில் மோதிக்கொண்டிருந்தது. பச்சை ஜன்னல் சாத்தியே கிடந்தது.

துல்லியோ தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். ஒர்னெல்லா முன்னால் வந்து உள்ளங்கையால் பலமாகத் தட்டினாள்.

உள்ளே எங்கோ ஒரு இருமல். நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். வெகுநேரம் கழித்து ஜன்னல் சாணளவு திறந்தது. கம்பளி போர்த்திய கிழவி ஒருத்தி, காய்ச்சலில் உதடு வெடித்து, வெளிச்சம் கூசக் கண்களைச் சுருக்கிப் பார்த்தாள். எதிரே நிற்பது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"வழி தவறிட்டீங்களா?"

துல்லியோ தொப்பியைக் கழற்றினார்.

"ஆமா, நெரினா. பத்தொன்பது வருஷமாச்சு."