கார்ஸா கடற்கரை

"எந்தக் கடற்கரைக்கு வேணும்னாலும் போடு. கார்ஸா மட்டும் வேண்டாம்," என்றாள் உயரமானவள்.

கப்பலின் கரைச்சுற்றுலாக் கவுண்டருக்குப் பின்னால் இருந்த நோயெலியா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். நாளைக் காலையில் கப்பல் கொசுமெல் தீவில் நிற்கும். இன்று சாயங்காலத்துக்குள் சீட்டு வாங்கினால்தான் உண்டு. வரிசையில் வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றை வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று தொடங்கியவள் இவள்தான்.

அறை அட்டைகளில் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். டார்லீன் ப்ரூயிட். விவியன் ப்ரூயிட். இருவருக்கும் எழுபது தாண்டியிருந்தது.

"ஏன் வேண்டாம்?" என்று கேட்டாள் குட்டையான விவியன். விளம்பரத் தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்தாள்.

"கரை முழுக்கப் பாசி ஒதுங்கி நாறுதாம். சாப்பாட்டு மேசையில சொன்னாங்களே."

"அது கிழக்குப் பக்கம், மேடம்," என்றாள் நோயெலியா. "கார்ஸா மேற்கே இருக்கு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். எனக்குச் சொந்த ஊரே அந்தத் தீவுதான்."

டார்லீன் அவளை ஒரு பார்வை பார்த்தாள். உன்னை யார் கேட்டது என்றது அந்தப் பார்வை.

"மணல்ல நடக்க இவ முட்டி ஒத்துழைக்காது."

"என் முட்டியைப் பத்தி நான் கவலைப்பட்டுக்கிறேன்."

"நீ எங்கடி கவலைப்படுறே? தைலம் தேய்க்கிறது நான்."

நோயெலியா வேறு தாள்களை எடுத்து வைத்தாள். "இங்கே சறுக்குமரம் இருக்கு. கடலுக்குள்ளயே போய் விழும்."

"எதுக்கு? கீழே நின்னு எலும்பைப் பொறுக்கவா?"

"அப்ப இந்த ஓட்டல்? நீச்சல்குளம், நிழல், சாய்வு நாற்காலி."

"குளம் கப்பல்லயே இருக்கு," என்றாள் விவியன். தாளை இறக்கினாள். "கார்ஸாவில தண்ணிக்கு மேல சாய்ஞ்சு ஒரு தென்னை நிக்கும். வெண்டல் என்னைத் தூக்கி அதுமேல உட்கார வச்சார். நீச்சல் உடுப்புகூடக் கொண்டு வரலை அவர். போட்டிருந்த சட்டையோட கடல்ல இறங்கிட்டார். பாக்கெட்ல இருந்த சிகரெட்டெல்லாம் ஊறிப்போச்சு. அப்புறம், சிவப்பா மசாலா தடவி வாழையிலையில சுட்ட மீன். ரெண்டு பேரும் ஒரே இலையில..."

"அவனுக்கு மீனே பிடிக்காது."

"அன்னிக்குச் சாப்பிட்டார்."

"சாப்பிட்டிருப்பான், முள்ளோட." டார்லீன் நோயெலியாவிடம் திரும்பினாள். "ஒரு மீனைத் தின்னுட்டு நாப்பது வருஷமா ஏப்பம் விடுறா."

விவியன்தான் முதலில் சிரித்தாள்.

நோயெலியாவுக்குப் புரிந்தது. வெண்டல் விவியனின் கணவர். காலமாகிவிட்டார். மற்றவள் நாத்தனார். நாத்தனார்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான்.

"அந்தத் தென்னை இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டாள் விவியன்.

பொய் சொல்ல நோயெலியாவுக்கு வாய் வரவில்லை. "புயல்ல போயிடுச்சு, மேடம்."

"மணல் இருக்கில்ல?"

"இருக்கு."

"போதும்."

"என்னடி போதும்?" என்றாள் டார்லீன். "அவனும் இல்ல, மரமும் இல்ல. எதைப் பாக்கப் போறே?"

"போன வருஷம் உன் முகம் முழுசாத் தெரிஞ்சுது, டார்லீன். இப்ப ஓரம்தான் தெரியுது. அடுத்த வருஷம் கடலும் எனக்கு வெறும் சத்தமாயிடும். அதுக்குள்ள ஒருதடவை பாத்துடலாம்னுதான்."



"பஸ்ல எங்க ஆள் ஒருத்தர் கூடவே வருவார்," என்றாள் நோயெலியா. "அவங்க மட்டும் போறதுன்னாலும்..."

"இவளா? கடல்னு நினைச்சு நடுரோட்டுல இறங்குவா."

பின்னால் யாரோ இருமினார்கள். வரிசை நீண்டிருந்தது. விவியன் தாளைக் கவுண்டரில் வைத்து, அதன் மடிப்பை விரலால் தடவி நேராக்கினாள்.

"விடு. உனக்குப் பிடிக்கலேன்னா வேண்டாம். உன்னை அங்கே கூப்பிட்டதே தப்பு. எதையாவது வாங்கு, நான் உட்கார்ந்திருக்கேன்."

சுவரைத் தொட்டபடி நடந்துபோய் சோபாவில் உட்கார்ந்தாள். எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல். அதில் கடல் நிறைந்திருந்தது. அவள் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

டார்லீன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு அட்டைகளையும் நகர்த்தினாள்.

"கார்ஸாவுக்கே போடு. ரெண்டு."

நோயெலியாவுக்கு மனம் நிறைந்தது. சீட்டுகளை நீட்டியபடி சொன்னாள்: "என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவர் ஆச்சே, மேடம். அவர் காலடி பட்ட இடம்."

"கூடப்பிறந்தவனா? யாரு, வெண்டலா?" டார்லீன் சோபாவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அவன் முதல்ல என் புருஷன். நான்தான் ஆசைப்பட்டு அவனைக் கப்பலேத்திக் கூட்டிட்டு வந்தேன். வாந்தியெடுத்து அறையில கிடந்தேன். எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரேன்னு இறங்கினவன், இவளைப் பாத்துட்டான். அப்படி என்னதான் இருக்கு அந்தக் கடற்கரையில, நானும்தான் ஒருதடவை பாத்துடறேனே."