எண்பதே போதும்

"எண்பது கோடி போதும் சார்."

அக்கா மகள் இப்படிச் சொன்னதும் மாமா அவள் பக்கம் திரும்பினார். மேஜைக்கடியில் அவள் காலை மிதித்துப் பார்த்தார். அவள் அசையவில்லை.

முதலீடு போட வந்தவர் அவள் கம்பெனிக்குச் சொன்ன விலை இருநூறு கோடி. காலியாகத் திரும்பும் லாரிகளுக்குச் செல்போனில் சரக்கு தேடிக் கொடுக்கும் கம்பெனி. வயது நாலு; லாபம் இன்னும் முட்டை.

"பேசிட்டுச் சொல்லுங்க" என்று அவர் வெளியே போனார்.

மாமா பிடித்துக்கொண்டார். முப்பது வருஷமாகப் பழைய லாரி வாங்கி விற்பவர். பேரத்துக்குத் துணையாக வந்திருந்தார்.

"ஏம்மா, உனக்குப் புத்தி பிசகிடுச்சா? ஓடாத வண்டிக்கே ஓடுற வண்டி விலை வாங்கினவன் நான். விக்கிறவளே விலையைக் குறைக்கிறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"கம்பெனி அவ்வளவு பெறாது மாமா. இன்னைக்கு வித்தா எண்பதுக்குத்தான் போகும்."

"அது வாங்குறவன் பாடு. உனக்கென்ன நோவு?"

"இருநூறுன்னு ஊருக்குச் சொல்லிக்கிட்டா நமக்குப் பெருமை. அதுக்கு ஈடா அவர் என்ன கேக்குறார்னு இந்த ஒப்பந்தத்தோட ஏழாம் பக்கத்துல இருக்கு. படிங்க."

மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டினார். முதலீட்டுக்காரர் போடுவது இருபது கோடி. கம்பெனியை விற்கும் நாளில் அதைப் போல் மூன்று மடங்கை முதலில் அவர் எடுத்துக்கொள்வார்.

"அறுபதா? தலையில கிரீடத்தை வச்சுட்டுக் கோவணத்தை உருவுறானே. உன்னை நல்லா ஏமாத்தப் பாத்திருக்கான்."

"என்னை இல்ல மாமா. பதினோராம் பக்கம் பாருங்க."

புரட்டினார். என்ன விலைக்குப் போனாலும் அடுத்த இருபது கோடி அவளுக்குத் தனியாக.

லாரி விற்ற மூளை சட்டென்று கூட்டிப் பார்த்தது.

"எண்பதுக்குப் போனா அவனுக்கு அறுபது, உனக்கு இருபது. அப்புறம்..."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாதிச் சம்பளம் போதும், மீதிக்குக் கம்பெனியில் பங்கு கொடு என்று அவளை நம்பி வந்தவர்கள்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல மாமா. இந்தப் பக்கமெல்லாம் இல்லாம வெறும் எண்பதுன்னு எழுதினா எனக்குத் தனியா இருபது வராது. ஆனா பங்குப்படி பிரிச்சா அவங்களுக்கும் வரும்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. "என்ன முடிவு பண்ணீங்க? வேணும்னா இருநூத்தி இருபதுன்னு போட்டுக்கலாம்."

மாமா எழுந்து ஒப்பந்தத்தை அவர் கையில் கொடுத்தார்.

"ஏழாம் பக்கம், பதினோராம் பக்கம், ரெண்டையும் கிழிச்சுட்டு வாங்க சார். எண்பதுக்கு மேல ஒரு ரூபா ஏத்தினாலும் வியாபாரம் கிடையாது."