தொடக்கூடாத ஏரோப்ளேன்

போர் விமானத்தின் இடது இறக்கையில் தேவாவின் கட்டைவிரல் ரேகை அச்சு அசலாக விழுந்திருந்தது. பத்திர ஆபீசில் வைக்கிற கைநாட்டுகூட இவ்வளவு தெளிவாக விழாது.

"தொடாதன்னு தரகர் கார்லயே தலையில அடிச்சிக்கிட்டு சொன்னாரேடா!" பெண் பார்க்கக் கூடவே வந்த சிநேகிதன் ஆரோக்கியராஜ் பல்லைக் கடித்தான்.

சொன்னார்தான். "பொண்ணு வீட்டு ஹால்ல ஒரு பொம்மை ஏரோப்ளேன் இருக்குது. அதுல மட்டும் யாரும் கை வச்சிடாதீங்க. போன மாசம் ஒருத்தரு தொட்டுட்டு, நாலு நாள் ஓட்டல்லதான் சாப்பிட்டாரு." இப்படிச் சொல்லிவைத்தால் எந்த மனுஷனுக்குத்தான் கை நமநமக்காது?

முழங்கை நீளத்துக்கு ஜன்னலோர மேசையில் நின்றது அது. பச்சையும் காவியும் திட்டுத் திட்டாக, காட்டுக்குள் நிறுத்தினால் கண்டுபிடிக்கவே முடியாதபடி, அத்தனையும் பிரஷ்ஷில் அடித்த வேலை. ஆரோவில்லில் மண்பாண்டப் பட்டறையில் பானைக்கு வண்ணம் தீட்டுகிறவன் தேவா. எடுத்துப் பார்க்காமல் இருப்பானா? எடுத்தான். பச்சை இன்னும் காயவில்லை.

"பொண்ணோட அப்பா வேலைதான்டா இது. மீசையப் பார்த்த இல்ல? மிலிட்டரி மீசை. வாசல்லயே வச்சி வெட்டப் போறாரு," என்றான் ஆரோக்கியராஜ்.

சக்கரபாணியின் மீசை சாதாரண மீசை இல்லை. மரக்காணத்தில் பதினைந்து ஏக்கர் உப்பளத்தை அந்த மீசையை வைத்தே மேய்க்கிறார் என்று ஊரில் பேச்சு. இப்போது தேவாவின் அப்பா அம்மாவையும் தரகரையும் கூட்டிக்கொண்டு, கொல்லைக்குப் பின்னால் இருக்கும் உப்புப் பாத்திகளைக் காட்டப் போயிருந்தார்.

தேவாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இது அவன் பார்க்க வந்த ஏழாவது பெண். முதல் ஆறு பேர் முகமும் இப்போது ஞாபகத்தில் இல்லை. அமுதவல்லி காபி கொடுத்தபோது நிமிர்ந்து பார்த்து, "சர்க்கரை போதுங்களா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவள் நகத்தில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது, மருதாணி அரைத்த கை போலிருக்கிறது. அதுகூட அழகாக இருந்தது. ஆள் அப்போதே காலி.

"பூனை மேல பழியப் போட்டுடலாம்டா," என்றான் ஆரோக்கியராஜ்.

"பூனைக்கு ஏதுடா கட்டைவிரல் ரேகை? நீ போய் கொல்லைப் பக்கம் பாரு. அவங்க எங்க நிக்கிறாங்கன்னு சொல்லிக்கிட்டே இரு."

மேசையிலேயே பிரஷ்ஷும் பெயிண்ட் டப்பாக்களும் இருந்தன. தேவா பிரஷ்ஷை எடுத்தான். காயாத பெயிண்ட் மேல் மறுபடியும் இழுத்தால் அடியில் இருப்பதும் உரிந்து வரும் என்பது பட்டறையில் அவனே வாய் வலிக்கச் சொல்கிற விஷயம். பயத்தில் அது மறந்துபோனது. ஒரே இழுப்புதான் இழுத்தான். ரேகையோடு சேர்ந்து பச்சையும் வந்துவிட்டது. அடியில் சாம்பல் நிற பிளாஸ்டிக் தெரிந்தது.

"உங்கப்பா உப்பை நாக்குல வச்சிப் பாக்குறாரு!" கொல்லைக் கதவிலிருந்து ஆரோக்கியராஜ்.

சாம்பலை மறைக்கப் பச்சையைக் கொஞ்சம் இழுத்தான். பச்சை பெரிசாகிவிட்டது. அதைச் சரிக்கட்டக் காவியை இழுத்தான். அந்த நேரம் பார்த்து உப்பளத்துக் காற்று ஜன்னல் வழியே வந்து, வெளியே குவித்திருந்த உப்புத்தூளை இறக்கையில் தூவிவிட்டுப் போனது. பதறிப்போய் ஊதினான். பெயிண்ட் நாலு பக்கமும் கால் விட்டது.

"வர்றாங்கடா, வர்றாங்க!" ஓடி வந்த ஆரோக்கியராஜ், இறக்கையைப் பார்த்து நின்றுவிட்டான். "டேய், என்னடா இது? ஆடு மாதிரி இருக்குது?"

"ஏதுடா ஆடு?"

"தோ, நாலு காலு. இது கொம்பு."

பார்த்தால், ஆடேதான். எதிரி நாட்டு ராணுவம் வந்தால் முதல் குண்டு அந்த ஆட்டுக்குத்தான். ஆரோக்கியராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயத்திலேயே தேவாவுக்கும் அது தொற்றிக்கொண்டது. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும்போதே சக்கரபாணி உள்ளே வந்துவிட்டார்.

விமானத்தைப் பார்த்தார். மீசை துடித்தது. முகமெல்லாம் குப்பென்று வியர்த்துவிட்டது.

போச்சு, எல்லாம் போச்சு. தேவா எழுந்து நின்றான். பொய் சொல்லி அமுதவல்லியைக் கட்டுவதைவிட, உண்மையைச் சொல்லி உதை வாங்கிக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. "சார், வந்து..." என்று ஆரம்பித்தான்.

அதற்குள் வெற்றிலைத் தட்டோடு அமுதவல்லி வந்தாள். இறக்கையைப் பார்த்தாள். தட்டை ணங்கென்று மேசையில் வைத்தாள்.

சக்கரபாணியின் ரெண்டு கையும் தானாகத் தலைக்கு மேல் போயின.

"அம்மாடி, சத்தியமா இந்தத் தடவ நான் தொடலம்மா! மறுபடியும் என்னை ஓட்டலுக்கு அனுப்பிடாத!"

தேவா வாயைப் பிளந்தான். அப்புறம் பச்சை அப்பியிருந்த கட்டைவிரலை மெதுவாகத் தூக்கிக் காட்டினான். "நான்தாங்க."

அமுதவல்லி அந்த விரலைப் பார்த்தாள். பச்சை ஒட்டிய தன் நகத்தைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கியும் முடியாமல் சிரித்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"மொதல்ல ஆட்டுக்கு வால் வைங்க. கல்யாணத் தேதிய அப்புறம் பாக்கலாம்."