ஏழு தண்ணி

கண்ணாடிச் சீசாவுக்குள் பிரஷ்ஷை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள் அவள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் சோப்புத் தண்ணீரில்.

"அக்கா! செத்துப்போச்சு!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள் ஆராய்ச்சி மாணவி. முகமெல்லாம் பல்.

"ஐயையோ, யாரு?"

"என் செல்லுக்கா! கேன்சர் செல்லு! புது மருந்து ஊத்தின தட்டில பேருக்குக்கூட ஒண்ணு மிச்சமில்லை. மருந்து ஊத்தாத தட்டில எல்லாம் குத்துக்கல்லாட்டம் இருக்கு. மூணு தடவை பண்ணினேன், மூணு தடவையும் அப்படியே!"

சாவுச் செய்தி சொல்லிவிட்டுக் குதிக்கிற இடம் உலகத்திலேயே இந்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுதான். அவளும் ஈரக்கையோடு சிரித்தாள். நாலு வருஷமாக அந்தப் பெண் அந்தச் செல்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

"பதினோரு மணிக்கு எள்ளுக்கொள்ளு கூப்பிட்டிருக்கார். அவர் தலையாட்டிட்டா என் படிப்பு முடிஞ்ச மாதிரி."

பேராசிரியர் முகத்தில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதனால் இவர்கள் இருவரும் ரகசியமாக வைத்த பேர் அது.

"மருந்தை எந்தச் சீசாவில கரைச்சீங்க, டாக்டரம்மா?"

"நான் கழுவினதில. நீங்க லீவில இருந்தீங்களே, அப்போ."

அவள் கை நின்றுவிட்டது.

லீவு என்றா சொல்ல முடியும்? போன மாதம் சின்னவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் பத்து நாள். மூன்று நாளுக்கு மேல் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். 'நீங்க பிள்ளையைப் பாருங்கக்கா. சீசா கழுவி அடுக்கியிருந்தா எவன் கேட்கப்போறான்?' என்று அனுப்பி வைத்தவள் இந்தப் பெண்தான்.

"எத்தனை தண்ணி விட்டு அலசினீங்க?"

"ரெண்டு. ஏன், பளபளன்னுதானே இருந்துது?"

"ஏழு விடணும். அப்புறம் காய்ச்சி வடிச்ச தண்ணி மூணு." அவள் பிரஷ்ஷை வெளியே எடுத்து வைத்தாள். "சோப்பு ஒட்டியிருந்தாலும் செல்லு செத்துப்போகும்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க..."

மாணவியின் பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது.

"மருந்து ஊத்தாத தட்டுக்கு எடுத்ததெல்லாம் நீங்க முன்னாடி கழுவி வெச்ச சீசா." கவிழ்ந்து கிடந்த வாளி மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்போ நாலு வருஷம் படிச்சு நான் கண்டுபிடிச்சது சோப்பா?"

"சார்கிட்ட சொல்லிடலாம்."

"யார் கழுவினதுன்னு கேட்பார். உங்க வேலை போயிடும். பேசாம இருங்க."

அவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை. பேராசிரியரிடம் 'வணக்கம் சார்' தவிர இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

"நாளைக்கு இதை மருந்துன்னு ஒரு பிள்ளைக்குக் கொடுத்தா, பெத்தவ எப்படி டாக்டரம்மா தாங்குவா?"

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பேராசிரியர் அறையில் நின்றதும் வார்த்தை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது.

"சார், நான் பத்து நாள் வரலை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. பாவம், இவங்க எனக்காகக் கழுவினாங்க. ரெண்டே தண்ணி. செல்லு அதனாலதான் செத்திருக்கும். இவங்க மேல தப்பில்லை."

"இல்லை சார், தப்பு முழுக்க என்னோடது!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

எள் வெடித்தது. கொள்ளும் வெடித்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முதல் நாளே ஒரு சீசாவை வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தேன். உள்ளே வானவில் தெரிஞ்சுது. பி.எச்.டி. பண்றவ கழுவற லட்சணம்!"

மாணவி தலையைக் குனிந்தாள்.

"இந்தம்மா எங்கேன்னு கேட்டா, விஷயம் எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். தெரிஞ்சா நான் ஆபீசுக்கு எழுதியாகணும். அதனால கேட்கலை."

"அப்போ... அந்தச் சீசா சார்?"

"பத்து நாளும் காலையில ஆறு மணிக்கே வந்து அத்தனையையும் நான்தான் திரும்பக் கழுவினேன். ஏழு தண்ணி. காய்ச்சி வடிச்சது மூணு. இடுப்பு இன்னும் நிமிரலை. செல்லு செத்தது உன் மருந்தாலதான், போ!"

மாணவி போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"குதிக்காதே. இந்தம்மா கையால கழுவின சீசாவில இன்னொரு தடவை பண்ணிக் காட்டு. அப்புறம் குதி."

அவர் சொல்லி முடிக்குமுன்னே மாணவி வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

சீசா கழுவுகிறவள் மட்டும் நகரவில்லை. கண் நிறைந்திருந்தது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"சார், கோவிச்சுக்காதீங்க. நான் திரும்பி வந்தன்னைக்குச் சீசாவெல்லாம் நிமிர்ந்து நின்னுச்சு. இவங்க வேலைதான்னு நினைச்சேன். அப்படி வெச்சா உள்ளே தூசி விழும் சார். கவிழ்த்துதான் காய வைக்கணும்."

பேராசிரியர் அவளைப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த நோட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"எது மேல கவிழ்க்கணும்? துணி மேலயா?"

"துணி வேண்டாம் சார், நூல் ஒட்டும். கம்பித் தட்டு மேல, வாய் கீழ பார்க்கிற மாதிரி, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம..."

"அக்கா! ஓடி வாங்க, எனக்கு இப்பவே சீசா வேணும்!"

"இதோ வந்துட்டேன்! சார், அப்புறம் முக்கியமா, மூடியைத் தனியா எடுத்துக் கழுவணும், அதுக்கும் ஏழு தண்ணி!"