அமீனுல்லா எழுதிய நிபந்தனை

சோற்றுக்கை காயும் முன்பே பாயிஸா மடிக்கணினியைத் திறந்துவிட்டாள்.

மனை வாங்கச் சேர்த்த பணம் மொத்தமும் காலையில்தான் கிரிப்டோவாக மாறி, அவள் உருவாக்கிய புது மொழியின் பூட்டுக்குள் போயிருந்தது. எந்தப் பணம் எப்போது யார் கைக்குப் போகலாம் என்று கணினிக்குச் சொல்கிற குட்டி மொழி அது.

சொல் ஜாஸ்தியானால் செலவும் ஜாஸ்தி என்று பாதிக்கு மேல் வெட்டி எறிந்திருந்தாள். நாளைக்குப் புதுச்சொல் தேவைப்படுமே என்று, மொட்டை மாடியில் கம்பி நீட்டி விடுவது போலச் சில இடங்களைக் காலியாக வைத்திருந்தாள்.

சொந்தப் பணத்தை வைத்துச் சோதிப்பது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தானே நம்பாத பூட்டை ஊருக்கு எப்படிக் கொடுப்பது?

புருஷன் பெண்டாட்டி இருவரும் கையெழுத்திட்டால் பூட்டு திறக்கும். ஒருவர் இல்லாதபோது மற்றவர் எப்படித் திறக்கலாம் என்று ஆளுக்கொரு நிபந்தனை எழுதி மூடியிருந்தார்கள். சங்கராபுரம் கடைவீதியில் பாத்திரக்கடை நடத்துகிற மனுஷன், யார் உதவியும் இல்லாமல் அவள் மொழியில் எழுதிவிட்டதில் பாயிஸாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னாங்க எழுதுனீங்க? இப்பவாவது சொல்லுங்க."

"உனக்குப் போய் நான் கண்டிஷன் போடுவனா? ஒன்னும் எழுதல. வெறுமனே வுட்டு மூடிட்டேன்" என்றான் அமீனுல்லா.

பாயிஸா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.

அவள் மொழியில் வெறுமனே விட்டால் தடையே இல்லை என்று அர்த்தம். அவளுக்கு மட்டுமல்ல, உலகத்தில் எவனுக்கும். இடம் மிச்சமாகும் என்று அடம்பிடித்து அந்த விதியை வைத்த புண்ணியவதியும் அவள்தான்.

"அய்யோ, போனை எடுங்க! மொதல்ல கையெழுத்தப் போடுங்க!"

எதற்கு என்றுகூடக் கேட்காமல் போட்டான். அவளும் போட்டாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பணம் அத்தனையும் பத்திரமாக வெளியே வந்தது.

பாயிஸாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

அந்த விதியை மாற்றியே ஆக வேண்டும் என்று கூட வேலை செய்யும் குழுவுக்கு ஒரு வரி தட்டிவிட்டு, புதுப் பூட்டு எழுத உட்கார்ந்தாள். அமீனுல்லா எழுத வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: பாயிஸா. பேர் மட்டும் இருந்தால் அந்த ஆள் தனியாகவே திறக்கலாம், வேறு யாரும் திறக்க முடியாது.

"ஆமா, நீ இன்னா எழுதி வச்சிருந்த?" கடைக்குக் கிளம்பியவன் வாசலில் நின்று கேட்டான்.

"உங்க பேருதாங்க. வேற இன்னா எழுதுவேன்?"

அமீனுல்லா சந்தோஷமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அவள் தன் பழைய நிபந்தனையைத் திறந்தாள். திரை கொள்ளாமல் இருந்தது. அவள் இல்லாதபோது அவன் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் எடுக்கலாம். கேட்ட பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவள் அண்ணன் ஜான் பாஷாவும் கூடவே கையெழுத்திட வேண்டும்.

ஒவ்வொரு வரியாக அழித்தாள்.

பிறகு, சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, அவன் பேரை மட்டும் எழுதினாள்.