மூன்று குரல் ஒப்பாரி

கேசட்டிலிருந்து அம்மாவின் குரல் வரவில்லை. தகரத்தைக் கல்லில் தேய்ப்பதுபோன்ற கீச்சொலிதான் வந்தது.

சீதா ரேடியோவைச் சட்டென நிறுத்தினாள்.

"என்னடா விஜயா இது? அம்மா எங்க?"

தேயிலை ஆலையில் எலக்ட்ரிசியனாக இருந்த அவள் தம்பி தலை நிமிரவில்லை.

"அதுல என் கம்ப்யூட்டர் பாட்டை ஏத்திட்டேன்கா. ரேடியோவுல போட்டா அப்படித்தான் கத்தும், கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் பாடும்."

"அம்மா பாட்டு மேலயா?"

"ஆமா."

1987ஆம் ஆண்டு அது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் லாரி ஓட்டுநர் ஒருவரோடு ஈப்போவுக்குப் போய்விட்ட சீதா, அன்றுதான் மீண்டும் அந்த லயத்து வீட்டுக்குள் காலெடுத்து வைத்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம், முதல் கர்ப்பம். அவள் போன மறுமாதம் அப்பா இறந்தார். முகங்காட்ட அஞ்சி அவள் வரவில்லை. அம்மா செல்லம் இறந்தது சென்ற ஆண்டு.

"பக்கத்து வீட்டு மணியம்மாக்கா சொல்லுச்சுடா. அப்பா செத்தப்ப அம்மா கதவைச் சாத்திக்கிட்டு ஒப்பாரி பாடி, கேசட்ல பிடிச்சு, எனக்குக் குடுக்கச் சொன்னாங்களாமே. பொறக்கப்போற புள்ளைக்கு அந்தக் குரலையாச்சும் காட்டலாம்னு, தாப்பாவுலேர்ந்து மலைப்பாதையில வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கிட்டு வந்தேன். பிரிஞ்சாங் கடையில புதுக் கேசட் ரெண்டே வெள்ளிதான்லா, அதை வாங்கியிருக்கலாமே! உன் விளையாட்டுக்கு அம்மாதான் கெடைச்சாங்களா?"

தேநீர் கொண்டுவந்த விஜயனின் மனைவி நவமணி, கோப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

விஜயன் கம்ப்யூட்டரோடு இணைந்த பெட்டியில் கேசட்டைச் செருகினான். பாட்டு ஏறி முடியச் சில நிமிடங்களாயின. பிறகு, கம்ப்யூட்டருக்குத் திரையாக இருந்த டிவியின் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்தில் மூன்றே குரல். ஒன்று கீழே ஒரே சுரத்தைப் பிடித்து நின்றது. ஒன்று விம்மலாய் விட்டுவிட்டு அதிர்ந்தது. மூன்றாவது, மெட்டை இழுத்துச் சென்றது. அந்த எஸ்டேட்டில் ஒப்பாரி பாடும் பெண்கள் அனைவரும் அடியின் முடிவில் குரலை ஏற்றி நிறுத்துவார்கள். செல்லம் ஒருத்திதான் இறக்கி, பாதி மூச்சில் விடுவாள். இயந்திரமும் அப்படியே இறக்கி, பாதியில் விட்டது.

சீதா வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"அம்மாதான்டா... அம்மா இழுப்பேதான்."

"ஒவ்வொரு சுரமும் ஒரு நம்பர்க்கா. நம்பர் நம்பராத் தட்டணும். அந்த இறக்கம் புடிபட ஒரு மழைக்காலம் ஆச்சு. கேசட்டை நூறு தடவைக்கு மேல போட்டுக் கேட்டேன்."

"சரி, வார்த்தை? எனக்கு என்ன சொன்னாங்க?"

"மிஷினுக்கு வார்த்தை வராதுக்கா."

"உனக்கு வருமில்ல? நூறு தடவை கேட்டியே, சொல்லுடா!"

"ஞாபகம் இல்லக்கா."

"ஒரு வரி?"

"ஒரு வரியும் இல்ல."

சீதா எழுந்தாள்.

"நம்பரெல்லாம் ஞாபகம் இருக்கு, பெத்தவ சொன்னது மறந்துபோச்சு. நீயெல்லாம் ஒரு மனுசன்! இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

தேநீரைத் தொடாமல் படியிறங்கினாள். நவமணி பின்னாலேயே ஓடி, தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். அழுதுகொண்டேதான் வந்தாள்.

"வழியெல்லாம் அழுதுக்கிட்டே போனாங்க. நீங்க செஞ்சது பாவம்ங்க. புள்ளத்தாச்சி கேட்டதுக்கு ஒரே ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா? நெசமாவே மறந்துட்டீங்களா?"

விஜயன் கம்ப்யூட்டரை அணைத்தான். அம்மாவின் மெட்டிலேயே, அவளைப்போலவே குரலை இறக்கி, மெல்லப் பாடினான்:

"பத்து மாசம் சுமந்த வயிறு பத்தி எரியுதடி — மகளே, உன் வயித்துல ஒரு பூ பூத்தா, பூவோட கருகணும்டி..."